ஜவ்வாது மலையூர்களும் வழியோரக் கற்களும்: முதல்முறை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலைக்கு நண்பர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரே காட்சிதான். வண்டியை நிறுத்துவார்கள், கைபேசியை எடுப்பார்கள், எதிரே விறகுக்கட்டோடு வருகிறவரிடம் "இங்க நடுகல் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். அவர் தெரியாது என்று தலையாட்டிவிட்டுப் போவார். அவருக்குப் பின்னால் இருபதடி தள்ளி, புளியமரத்தடியில், மஞ்சள் பூசி மாலை போட்டு அந்த நடுகல், அதாவது சண்டையில் செத்த வீரனின் நினைவாக நட்ட கல், நின்றுகொண்டிருக்கும்.

அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல்தான் தவறு. மலையூர்களில் கல்லைத் தேடிப் போகிறவர் முதலில் ஊருக்குள் போக வேண்டும், கல் அப்புறம். இந்த வரிசையை மாற்றியவர்கள் பெரும்பாலும் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கீழே இருப்பது இரண்டு நாள் பயணத்துக்கான வரிசை. கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலை எதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும். நான் அதிகம் நடந்தது ஜவ்வாதில் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து.

1. ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. நடுவே ஜமுனாமரத்தூர். அங்கே ஏற போளூர் வழி, ஆலங்காயம் – காவலூர் வழி, செங்கம் – பரமனந்தல் வழி எனச் சில சாலைகள் உண்டு. ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கி, நடுவில் பீமன் அருவியையும் கோமுட்டேரிப் படகுத்துறையையும் போட்டுக்கொள்வதுதான் எல்லாரும் போடும் திட்டம். அதில் வழியோரக் கற்களுக்கு நேரமே இருக்காது.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது செங்கம் வழி. காரணம் எளிது. செங்கம் வட்டாரச் சமவெளியில் பல்லவர் காலத்திலிருந்தே நட்ட கற்கள் ஏராளம். அடிவாரத்திலேயே கண் பழகிவிடும். பழகிய கண்ணோடு மலையேறினால், ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கிற பலகைக் கல்லைப் பார்த்ததும் கால் தானாக நிற்கும்.

போன வழியிலேயே திரும்புங்கள். ஏறும்போது கண்ணில் படாத கல், இறங்கும்போது வெயில் வேறு பக்கம் விழுவதால் படும். "ஒரே ரோட்டுல ரெண்டு தடவையா?" என்று அலுத்துக்கொண்ட நண்பர்தான் இறங்கும்போது மூன்று கற்களைக் கண்டுபிடித்தார்.

2. காலமும் கிழமையும்

தை, மாசி. மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கல்லை மூடிவிடும். தையில் புல் காய்ந்து படுக்கும். சாமை அறுவடையும் முடிந்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசும் நிலையில் இருப்பார்கள். பங்குனி முதல் காட்டுத்தீக் காலம். வனத்துறை தடை போடும், போடாவிட்டாலும் போகாதீர்கள். கோடை விழா நடக்கும் நாட்களில் ஜமுனாமரத்தூர் முழுக்கக் கூட்டம். யாரும் உங்களிடம் நின்று பேச மாட்டார்கள்.

காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை அங்கே இருப்பதுபோல் திட்டமிடுங்கள். பொதுமக்களுக்கு அன்றுதான் அனுமதி. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் இரவு வானம் பார்க்கக் கிடைக்காது. செங்கம் வழியில் போகிறவர்களுக்கு இது மலையின் மறுபக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

3. புறப்படும் முன் வீட்டில் முடிக்க வேண்டிய பாடம்

இதைத் தவிர்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். மூன்று மாலைகள் போதும்.

முதல் மாலை, ஒரு நடுகல் கல்வெட்டையாவது முழுதாகப் படியுங்கள். தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு பெரிய நூலகங்களில் கிடைக்கும். நான் எல்லாருக்கும் கொடுப்பது எடுத்தனூர்க் கல்லின் வாசகம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்றொரு வீரன் எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்தான். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தவர் அப்புறம் எந்த நடுகல்லைப் பார்த்தாலும் முதலில் காலடியைப் பார்ப்பார். அதுதான் எனக்கு வேண்டியது.

வாசகங்களின் அச்சு ஒன்றுதான் என்பதும் அப்போது புரியும். 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர், 'பருமற்கு' (வர்மனுக்கு), ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டை, கடைசியில் 'பட்டான் கல்', அதாவது செத்தவனின் கல். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. 'தொறுக்கொண்ட ஞான்று' என்றால் மந்தையைக் கவர்ந்த அன்று. இந்த நாலைந்து சொற்களைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலக் கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் இருப்பதால் அங்கேயே படித்துவிடுவோம் என்ற நினைப்பு வேண்டாம். எந்த வரியில் என்ன இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாம் மாலை, தமிழ் எண்கள். ௧, ௨, ௩ தொடங்கி ௯ வரை, பத்துக்கு ௰, நூறுக்கு ௱. பழைய மைல்கற்களில் இவை உண்டு. எழுத்தே இல்லாத கணக்கும் உண்டு: தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் 'நாவற்றாவளத்துக்குக் காதம்' (காதம் பழைய தொலைவு அளவு) என்று எழுதி, 29 என்ற தொலைவைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. சாலையோரக் கல்லில் வரிசையாகக் குழி இருந்தால் உடனே பல்லாங்குழி என்று தள்ளிவிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் மாலை, வரைபடம். மலைக்குள் கைபேசிச் சிக்னல் வரும், போகும். இணையம் இல்லாமல் திறக்கும்படி வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, அதில் தெரியும் ஏரிகளையும் சாலை பிரியும் இடங்களையும் குறியுங்கள். வழியோரக் கற்கள் கண்ட இடத்தில் நிற்பதில்லை. பழைய ஒற்றையடிப் பாதை ஏரிக்கரையைத் தொடும் இடம், ஏற்றம் தொடங்கும் இடம், ஊர் எல்லை, இம்மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும். புதுத் தார்ச்சாலை பழைய பாதையை விட்டு விலகும் வளைவுகள்தான் உங்களுக்கு முக்கியம்.

முடிந்தால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு அரைநாள். மஞ்சள், எண்ணெய், குங்குமம் எதுவும் இல்லாமல் நடுகல்லைப் பக்கத்தில் நின்று பார்க்க அதுதான் இடம்.

4. பை

டார்ச், மென்மையான துணி, பத்து சென்டிமீட்டர் அளவுகோல், கோடு போடாத நோட்டு, பென்சில், தண்ணீர். பேனா வேண்டாம், பனியில் நனைந்த தாளில் மை பரவும். இரண்டு நாளுக்கான பணம் சில்லறையாக. பெட்ரோலை அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். விரைப்பான காலணி, மழித்த சாமைத்தட்டை மெல்லிய செருப்பைக் குத்திவிடும். வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வராதீர்கள். பாறை இடுக்கில் தேனடைகள் இருக்கும், மலைத்தேனீ விளையாட்டில்லை.

சுண்ணக்கட்டி, மாவு, தூரிகை எதையும் எடுத்து வராதீர்கள். ஏன் என்பதை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

5. முதல் காலை: டீக்கடை

விடியற்காலையில் ஏறத் தொடங்கி எட்டு மணிக்குள் ஊருக்குள் இருங்கள். அதற்குமேல் பெரியவர்கள் கொல்லைக்கோ காட்டுக்கோ போய்விடுவார்கள். ஊரில் குழந்தைகளும் நாய்களும்தான். பிறகு மாலை ஐந்துக்குத்தான் ஊர் திரும்பும்.

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி நடந்து போங்கள். காரில் வந்து இறங்குகிறவரை ஊர் அதிகாரி என்றுதான் எடுத்துக்கொள்ளும். நிலம் அளக்க, மரம் எண்ண, வழக்கு எழுத வந்தவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

டீக்கடையில் உட்காருங்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். யார், எங்கிருந்து, எதற்கு வந்தீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "ஐயா, பழைய சாமிக் கல்லுங்களப் பாக்க வந்திருக்கோம். யாரக் கேட்டுட்டுப் போவணும்?" இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அதற்கு வரும் பதிலில் ஊர்க்கவுண்டர் வீடோ பூசாரி வீடோ தெரிந்துவிடும். அங்கே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க யாரும் உங்களைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

புதையல் தேடி வந்து கற்களைப் பெயர்த்த கூட்டத்தைப் பல மலையூர்கள் பார்த்திருக்கின்றன. மாலை நேரத்தில் டார்ச்சோடு கல்லைச் சுற்றி வரும் வெளியூர்க்காரரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் போய், ஒன்றரை மணி நேரம் ஒரு திண்ணையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை.

இன்னொன்று. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். பேசுவது தமிழ். "கேரளாவுல எங்க?" என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளான நண்பர்கள் எனக்கு மூன்று பேர்.

6. கேட்கும் விதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

'நடுகல்', 'வீரக்கல்', 'கற்திட்டை' இவையெல்லாம் புத்தகச் சொற்கள். ஊரில் அவற்றுக்கு வேறு பெயர். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆகவே "வேடியப்பன் கோயில் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். ஒருமுறை அப்படிக் கேட்காமல் நான் அரைநாள் அலைந்தபின், களத்துமேட்டில் உட்கார்ந்திருந்த பாட்டி சொன்னார்: "அது கோயிலு சாமி. கல்லுன்னு கேட்டா எனக்கு எப்பிடித் தெரியும்? கல்லு எங்கயுந்தான் கெடக்குது."

பலகைக் கற்களால் அறைபோல எழுப்பிய ஈமச்சின்னமான கற்திட்டையைக் கேட்பதானால் 'குள்ளர் வீடு', 'வாலியர் வீடு', 'பாண்டவர் வீடு' என்று மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். சுமைதாங்கியைச் சுமைதாங்கி என்றே சொல்வார்கள், சிக்கல் இல்லை.

கல்லைப் பற்றி நேராகக் கேட்பதைவிடப் பாதையைப் பற்றிக் கேட்பது அதிகம் தரும். "ரோடு போடறதுக்கு முன்னால சந்தைக்கு எப்படி இறங்குவீங்க?" என்று ஒரு தாத்தாவைக் கேளுங்கள். அவர் கையை நீட்டி, எந்த மரத்தடியில் சுமையை இறக்கினார்கள், எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தார்கள், எங்கே சாமிக்குக் கல் போட்டுவிட்டு நடந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். புளி, கடுக்காய், தேன் மூட்டைகளோடு நடந்த பாதை அது. நீங்கள் தேடுவது முழுக்க அந்த வரிசையில் இருக்கும்.

தொலைவை ஒருபோதும் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். "இதோ, இங்கதான்" என்ற பதிலுக்கு மலையில் முக்கால் மணி நேரம் என்று பொருள். "நடந்தா எவ்வளவு நேரம்?" என்று கேட்டு, வரும் பதிலை இரண்டால் பெருக்குங்கள். அவர்கள் கால் வேறு, நம் கால் வேறு.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளையும் தவிருங்கள். "இது ராஜா காலத்துக் கல்லுங்களா?" என்றால் மரியாதைக்கு "ஆமாங்க" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு வருவீர்கள். "இதுக்கு என்ன பேருங்க?", "எப்போ படையல் போடுவீங்க?", "யார் வீட்டு முறை?" என்று கேளுங்கள்.

வழிகாட்ட ஒருவரை உடன் அழைப்பது நல்லது. கூலியை நடக்கும் முன்பே பேசிவிடுங்கள், பாதிநாள் வேலையை விட்டுத்தான் அவர் வருகிறார். சின்னப் பையன்களை அழைத்துக்கொண்டு காட்டுப்பக்கம் போகாதீர்கள். அவர்கள் ஆசையாக வருவார்கள், வீட்டில் தேடுவார்கள்.

7. எது என்ன கல்?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கல். வரிசையாக மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி: நிற்கிறதா, மேலே பலகை ஏறியிருக்கிறதா? இரண்டு நட்ட கற்களின்மேல் குறுக்காக ஒரு கல், உயரம் நெஞ்சளவு அல்லது தோளளவு, பாதையின் ஓரத்திலேயே இருந்தால் அது சுமைதாங்கி. தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கி ஏற்ற அந்த உயரம்தான் சரி. நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள், பலகை தோளுக்கு நேராக வரும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நடும் வழக்கம் உண்டு. அதனால் "யாருக்காக வச்சது?" என்று கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். கேட்பது அவர்கள் வீட்டுச் சாவைப் பற்றியதாக இருக்கலாம்.

பலகை ஏறியிருக்கிறது, ஆனால் மூன்று நான்கு பக்கமும் பலகைக் கற்களால் அடைத்து அறைபோல இருக்கிறதென்றால் அது கற்திட்டை, பெருங்கற்கால ஈமச்சின்னம். பெரும்பாலும் தனியாக இருக்காது, பாறைமேட்டில் கூட்டமாக இருக்கும். ஒரு பக்கப் பலகையில் வட்டத்துளை இருக்கிறதா பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள். ஈமச்சின்னத்துக்கான மரியாதை ஒருபக்கம் இருக்கட்டும், உள்ளே தேள் இருக்கும்.

இரண்டாம் கேள்வி: தனியாக நிற்கும் பலகையில் உருவம் இருக்கிறதா? இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை, உடம்பில் தைத்த அம்புகள் இருந்தால் நடுகல். காலடியில் பாருங்கள்: சிமிழ், கெண்டி, சில நேரம் மாடு, எப்போதாவது நாய். புலியோடு மல்லுக்கு நின்றால் புலிக்குத்திக் கல். மூன்று அடுக்காகப் பிரித்து, கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது, மேலே லிங்க வழிபாடு என்றிருந்தால் காலத்தால் பிந்தியது. வளையல் அணிந்த கை மட்டும் உயர்ந்து தெரிந்தால் சதிக்கல், கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு நட்டது. தன் கழுத்தில் தானே வாளை வைத்திருந்தால் நவகண்டம், தன்னைத்தானே பலி கொடுத்தவனின் கல்; அதைப் போர்க்காட்சி என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு.

மூன்றாம் கேள்வி: உருவமே இல்லையா? மரத்தடியில் ஏழு சின்னக் கற்கள் வரிசையாக இருந்தால் கன்னிமார். ஊர் எல்லையில் ஒற்றைக் கல் என்றால் எல்லைக்கல்லாகவோ காவல் தெய்வமாகவோ இருக்கலாம். ஊரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. எல்லா நெட்டைக் கல்லும் பழங்காலத்தது அல்ல. வேலிக்கும் மாடு கட்டவும் நட்டவையும் உண்டு. மேற்பகுதியில் கயிறு தேய்த்த பள்ளம் இருக்கிறதா பாருங்கள்.

இனி, பெரும்பாலோர் தவறவிடுவது. பிள்ளையார் கோயில் மேடையிலோ அம்மன் காலடியிலோ கையளவில், ஒருமுனை கூர்ந்து, வழவழவென்று தேய்த்த கற்கள் குவித்திருந்தால் குனிந்து பாருங்கள். புதிய கற்காலக் கைக்கோடாரிகள் அவை. காட்டை உழும்போது கிடைத்ததைச் சாமிக் கல் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஜவ்வாதிலும் கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் இது உண்டு. ஆற்றில் உருண்ட கூழாங்கல்லுக்கு எல்லாப் பக்கமும் உருண்டை. கோடாரிக்கு ஒருபக்கம் வெட்டுமுனை இருக்கும். தொட வேண்டாம். நகர்த்தவும் வேண்டாம். ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொள்ள யாருக்காவது ஆசை வந்தால், அவர் திரும்பும் பேருந்தைப் பார்த்துக்கொள்ளலாம். என் குழுவில் அதுதான் விதி.

8. கல்லைப் பார்ப்பதும் பதிவதும்

செருப்பைக் கழற்றுங்கள். பூசாரியோ உடன் வந்தவரோ எதுவரை போகலாம் என்பார். சில கோயில்களில் சட்டையோடு போகக் கூடாது, சிலவற்றில் பெண்கள் பக்கத்தில் போகக் கூடாது. வாதாடி ஒன்றும் ஆகப்போவதில்லை. தள்ளி நின்று பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் கல்லைச் சுற்றி வாருங்கள். பின்பக்கத்திலும் விளிம்பிலும் எழுத்து இருக்கலாம். கல்லின் முகம் எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திசை எதற்கு? தேய்ந்த எழுத்து, வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது மறைந்துவிடும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போதுதான் எழும். கிழக்கு பார்த்த கல்லுக்கு அந்த நேரம் உச்சிக்குச் சற்று முன். தெற்கு பார்த்ததற்குக் காலையும் மாலையும். தை மாதத்தில் வடக்கு பார்த்த கல்லின்மேல் வெயிலே விழாது. அங்கே டார்ச்தான்: கல்லுக்கு முன்னால் பிடிக்காமல் விளிம்போடு ஒட்டிப் பிடித்து, மெல்ல மேலிருந்து கீழே நகர்த்துங்கள். வெறும் கல் என்று நினைத்த இடத்தில் வரி வரியாக நிழல் எழுந்து வருவதை முதல்முறை பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

மாவும் சுண்ணக்கட்டியும் ஏன் வேண்டாமென்றேன் என்றால், எழுத்து தெரிய வேண்டுமென்று மாவைத் தேய்ப்பவர்கள் உண்டு. நானும் தேய்த்திருக்கிறேன், பல வருடம் முன்பு. அடுத்த நாள் போனபோது எறும்பு வரிசையும், மழை ஈரத்தில் குழைந்து எழுத்துப் பள்ளங்களில் இறுகிய பசையும்தான் மிச்சம். சுண்ணக்கட்டி இன்னும் மோசம். நமக்கு எழுத்து என்று தோன்றுகிற கீறலை நாமே வரைந்துவிடுவோம், அடுத்து வருபவர் அதைப் படிப்பார். கம்பித் தூரிகை கல்லின் தோலையே உரித்துவிடும். மஞ்சள், எண்ணெய் அப்பியிருந்தால் அப்படியே விடுங்கள். அது அழுக்கு இல்லை, படையல். மை ஒற்றிப் படியெடுப்பது பயிற்சி உள்ளவர்கள் அனுமதி வாங்கிச் செய்யும் வேலை.

படம் எடுக்கும் வரிசை: முதலில் சுற்றுப்புறத்தோடு ஒன்று, அப்புறம் முழுக்கல், அப்புறம் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒன்று, கடைசியில் எழுத்துகளும் காலடியும் நெருக்கத்தில். எல்லாரும் நெருக்கத்தை மட்டும் எடுத்து வருவார்கள். வீட்டுக்குப் போனபின் எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரியாது. அளவுகோலைக் கல்லின்மேல் சாய்க்காதீர்கள், தரையில் வையுங்கள்.

நோட்டில் ஒரு கல்லுக்கு ஒரு பக்கம். ஊர் சொன்ன பெயரை ஊர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். உயரம், அகலம், திசை, அருகில் என்ன மரம், எந்தப் பாதை, யார் பூசை, எந்த மாதம். கையால் ஒரு படம் வரையுங்கள். வரையத் தெரியாது என்பது பொருட்டில்லை. கொண்டை எந்தப் பக்கம் சரிகிறது என்பது, கை அதை வரையும்போதுதான் கண்ணுக்கே தெரியும்.

9. இரவும் சாப்பாடும்

தங்க ஜமுனாமரத்தூரில் விடுதிகள் உண்டு. சிறிய ஊர்களில் யாராவது திண்ணை கொடுத்தால் அது அவர்கள் விருப்பம், கேட்டு வாங்க வேண்டாம். சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லி, எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள். சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ திடீரென்று ஆறு பேருக்குச் சமைக்க எந்த வீட்டிலும் முடியாது. பணத்தைச் சமைத்த அம்மாவின் கையிலேயே கொடுங்கள். சாராயம், பீர் எதையும் ஊருக்குள் கொண்டு போகாதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவதையும் நிறுத்துங்கள். அடுத்து வரும் வண்டிக்குப் பின்னால் அவர்கள் ஓடுவார்கள்.

சாமையோ தேனோ வாங்குவதானால் ஊரிலேயே, கேட்ட விலைக்கு வாங்கலாம். பயணத்தின் இரண்டாம் நாள் மாலையில், ஒரு படி சாமை அளக்கும் நேரத்தில்தான், முதல்நாள் சொல்லாத கல்லைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது.

10. காட்டு எல்லை

ஊரின் கொல்லை எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று உடன் வருபவரைக் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இறந்த காட்டுத்தீக்குப் பிறகு 2018இலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்துவிட்டது. "ஊர்க்காரர் கூட இருக்கார்ல?" என்று சமாதானம் சொல்ல முடியாது. மாட்டினால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்புவீர்கள். அவர் அந்த வனக்காவலரை அடுத்த நாளும் பார்க்க வேண்டும்.

11. இறங்கிய பிறகு

அன்றிரவே நோட்டையும் படங்களையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்தால் மூன்றாவது வேடியப்பனும் நான்காவது வேடியப்பனும் கலந்துவிடுவார்கள்.

எழுத்துள்ள கல்லைக் கண்டிருந்தால் ஏற்கெனவே பதிவானதா என்று தொகுப்புகளில் பாருங்கள். பெரும்பாலும் பதிவாகியிருக்கும். இல்லையென்று தோன்றினால், படங்களோடு தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். மண்ணுக்கடியிலிருந்து ஏதாவது வெளியே வந்திருந்தால் அது வட்டாட்சியருக்குப் போக வேண்டிய செய்தி.

சமூக வலைத்தளத்தில் போடுவதானால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். ஜிபிஎஸ் புள்ளியைப் போடாதீர்கள். கைபேசிப் படத்துக்குள் இருப்பிடம் தானாகப் பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். தனியாக, காவலில்லாமல் நிற்கும் கல்லுக்கு வழி சொல்வதும் புதையல் தேடுகிறவனுக்கு வழி சொல்வதும் ஒன்றுதான்.

கடைசியாக, படங்களில் நல்லதாக இரண்டைப் பெரிதாக அச்சிட்டு அந்த ஊருக்கு அனுப்புங்கள். ஒன்று பூசாரிக்கு, ஒன்று உங்களோடு நடந்தவருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நான் அனுப்பிய ஒரு படம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள், பொட்டு வைத்து, அதே வேடியப்பனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அடுத்த முறை போனபோது, மலைக்குப் பின்னால் இன்னொரு வேடியப்பன் இருப்பதாகவும், நடந்தால் 'இதோ' என்றும் சொன்னார்கள். காலை ஏழுக்குப் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.